வலது இறக்கை

சாவோ ஜோசே ஊரில், ஒரு விமானத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இடது இறக்கைக்கு மட்டும் ரிவெட் ஆணி அடித்தவள் சொராய்டே. ஆட்குறைப்பு என்று வெளியே அனுப்பியபோது கையில் கொடுத்தது நாமே கோத்துக்கொள்ளும் ஒரு பொம்மை விமானம்: வெட்டிய தகடுகள், அவற்றின் ஓரத்தில் மடித்துச் சொருகக் குட்டிக் காதுகள். எரிச்சலில் பீரோமேல் எறிந்திருந்தாள். நாலு மாதம் வேலை தேடி அலுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

இடது இறக்கை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. வலதில் காதுகளை மடித்த பிறகுதான் பார்த்தாள், எல்லாம் தலைகீழ். விரல்கள் அதையும் இடதாகவே மடித்திருந்தன. நிமிர்த்தப் போனாள். பட்டென்று ஒடிந்தது ஒரு காது. அடுத்ததும்.

"திருப்பி வச்சு மடிக்க வேண்டியதுதானே?" சீஸ் உருண்டையை மென்றபடி கேட்டான் புருஷன் வால்மிர்.

"வாய மூடுய்யா. எனக்கு வலது தெரியாது."

வலது இறக்கையில் வேலை பார்த்த தால்வாவுக்குப் போன் போட்டாள். அவளையும் அதே நாளில், அதே பொம்மையோடுதான் அனுப்பியிருந்தார்கள்.

"ஏன்டி, உன் விமானம் என்னாச்சு?"

"வலது ஜோரா இருக்கு. இடதை ஒடிச்சுத் தொலைச்சுட்டேன்."

சொராய்டேவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "எடுத்துட்டு வாடி, ரெண்டையும் சேர்த்தா ஒண்ணாயிடும்."

"பொம்மை ஆயிடும்," என்றாள் தால்வா. "நேத்து வேலை கேட்டுப் போன கம்பெனியில, ரெண்டு இறக்கையும் தெரியுமான்னு கேட்டான். நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளா எவன்டி எடுப்பான்?"