ஜாமீன்தாரர் கழித்துக்கொண்ட வட்டி

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்பவர்களில் வருமான வரிக் கணக்கைத் தாமே தயாரித்துத் தாக்கல் செய்பவர்கள் மிகச் சிலர். அவர்களில் நானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. வணிகவியல் பட்டம் பெற்றவன் நான். சம்பளக்காரரின் வரியை அலுவலகமே பிடித்தம் செய்து கட்டிவிடுகிறது. சொந்தத் தொழில் செய்பவனோ தன் வருமானத்தைத் தானே மதிப்பிட்டு, நான்கு தவணைகளில் முன்வரி கட்ட வேண்டும். ஒரு தவணையைக்கூட நான் தவறவிட்டதில்லை. எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் வரிச் சந்தேகம் எழுந்தால் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

சேவூர், முள்ளிப்பட்டு என்று நெசவாளர் வீடுகளுக்குப் பட்டு நூலைக் கொண்டுபோய்க் கொடுத்து, சேலைகளை வாங்கி வருவதற்காக ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் மின்சாரக் கார். குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதிக்கப்பட்ட மின்வாகனக் கடனாக இருந்தால், அதன் வட்டியை ஓர் உச்சவரம்பு வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சலுகை அளித்திருந்தது. அவ்வாண்டுக் கணக்கில் அதைக் கழித்தேன். கழித்ததைச் சங்கத்தில் சொல்லவும் செய்தேன். மாதக் கூட்டத்தில் அதை விளக்கிப் பேசுமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார்.

கூட்டத்துக்கு முந்திய நாள், எடுத்துக்காட்டுவதற்காக வங்கியின் வட்டிச் சான்றிதழை வெளியே எடுத்தேன். கடன் பெற்றவர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர் இருந்தது.

நடந்தது இதுதான். கார் வாங்கிய சமயம் எனக்கு அஷ்டமச் சனி. அந்தச் சனிக் காலத்தில் சொந்தப் பெயரில் வண்டி எடுப்பதை எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் தவிர்த்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆயினும் மனைவியின் மன அமைதிக்காக இணங்கினேன். அவளுக்கு வரும் கடை வாடகையை வருமானமாகக் காட்டி, காரும் கடனும் அவள் பெயரில் ஆயின. நான் ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டேன். மாதத் தவணை என் கணக்கிலிருந்து போனதால், கடனும் என்னுடையது என்றே நினைத்துவிட்டேன். சலுகையோ கடன் பெற்றவருக்கு உரியது. அவளுடைய வருமானம் வரி வரம்பை எட்டாததால், அவளுக்கும் அது பயன்படாது.

சான்றிதழை அவளிடம் காட்டினேன்.

"தவணை கட்டறது நீங்கதானே? யாருங்க வந்து பார்க்கப் போறாங்க?" என்றாள்.

"நான் பார்த்துவிட்டேனே."

"அப்போ ஜல்தியா கட்டிடுங்க. நாளைக்கு மேடையில நிக்கப்போறீங்க. வண்டிய சனி தொடக்கூடாதுன்னு பார்த்தேன், அது உங்க வரிக் கணக்குல போய் குந்திகினு இருக்குது" என்று சிரித்தாள்.

திருத்திய கணக்கு தாக்கல் செய்ய அவகாசம் இருந்தது. கழித்த தொகையை வருமானத்தில் மீண்டும் சேர்த்து, கூடுதல் வரியையும் அதற்கான வட்டியையும் அன்று மாலையே கட்டினேன். மறுநாள் மேடையில் அதைச் சொல்லாமல் சட்டத்தை மட்டும் விளக்கிவிட்டு இறங்கியிருக்கலாம். நான் கழித்ததை நம்பித் தாமும் கழித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்பதால், என் தவறிலிருந்தே பேச்சைத் தொடங்கினேன்.

பின்வரிசையிலிருந்து நூல் வியாபாரி ஒருவர் குரல் கொடுத்தார். என்னைச் சீண்டும் வாய்ப்பை அவர் என்றுமே விட்டதில்லை.

"இன்னாண்ணே, பி.காம் படிச்ச நீங்களே இப்படி பண்ணா எங்க கதி இன்னா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தேன்.

"உங்கள் மின்சார வண்டிக் கடன் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "எனக்கும் நேரம் சரியில்லைன்னு மாமியா பேர்ல எடுத்தோம்ணே."

"வட்டியைக் கழித்தீர்களா?"

"நீங்க கழிச்சீங்கன்னுதான் நானும் கழிச்சேன். பேஜாராப் போச்சே!"

இம்முறை அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இன்னும் இருவர் கைபேசியை எடுத்துத் தங்கள் வீட்டாரிடம், கடன் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினர். அவர்கள் கழித்த வட்டியும் வேறொருவர் பெயரிலிருந்த கடனுக்குத்தான். திருத்திய கணக்குக்கான கடைசி நாளைப் பலகையில் பெரிதாக எழுதினேன். அந்த நாளுக்குள் மூவரும் திருத்திவிட்டார்கள். அடுத்த முன்வரித் தவணை நெருங்கியபோது, வழக்கம்போல் சங்கத்தார் என்னைத்தான் கேட்டார்கள்.