ஸ்டூல் சாட்சி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் நாற்பது தடவைக்கு மேல் டாக்டராக இருந்திருக்கிறேன். இன்ஸ்பெக்டராக இருந்திருக்கிறேன். ஒரு முறை செத்துப்போனவரின் மாமியாராகவும் இருந்து, கண்ணைக் கசக்கி அழுதிருக்கிறேன். எல்லாம் தென்காசியில் எங்கள் மேடத்தின் ஆபீஸில், ஒரு மர ஸ்டூலின் மேல்.

மேடம் கிரிமினல் வக்கீல். நான் அவருடைய குமாஸ்தா. கேஸ் கட்டைத் தூக்குவது, அடுத்த வாய்தா தேதியை அதன் மேல் கோணல்மாணலாக எழுதுவது, டீ வாங்குவது, இதெல்லாம் என் வேலை. ஆனால் என்னை அவர் வைத்திருப்பது வேறொன்றுக்காக. ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, அந்தச் சாட்சியாகவே பேசச் சொல்வார். அவர் கேட்பார், நான் சொல்வேன். எந்தக் கேள்விக்கு நான் உளறுகிறேனோ, அது மறுநாள் கோர்ட்டுக்குப் போகும். உளறுவதற்கு எனக்குப் பயிற்சி தேவையில்லை, வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

"ஓட்டையே இல்லாத சாட்சி வந்தா, 'குறுக்கு விசாரணை இல்லை'ன்னு சொல்லிட்டு உக்காந்துரணும் அண்ணாச்சி. மேல கேட்டா நம்ம கட்சிக்காரனுக்குத்தான் சேதம்" என்பார் மேடம். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் சிப்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். பக்கத்துக் கடைக்காரரோடு இடத் தகராறு. ஒரு சாரல் நாளில் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, பக்கத்துக் கடைக்காரர் படியில் விழுந்து மண்டை உடைந்து இறந்துபோனார். எங்கள் ஆள் தள்ளிவிட்டார் என்று வழக்கு. ஈரப் படியில் அவராகவே வழுக்கி விழுந்தார் என்பது நாங்கள் சொன்னது. பார்த்த சாட்சி ஒரே ஒருத்தர்: குளிக்கிறவர்களின் துணிமணிகளைக் காவல் பார்க்கிற ஒரு அக்கா. அவர் சொல் நின்றால் எங்கள் கட்சிக்காரர் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் கொண்டுவருவார். அவர் அதில் ஒன்றைக்கூட வாயில் போடமாட்டார். நான் மட்டும் மிச்சம் வைக்காமல் தின்பேன்.

"அந்தம்மா உக்காருத இடத்தப் பாத்துட்டு வாங்க" என்று மேடம் என்னை அனுப்பினார். போனேன். அந்த அக்காவின் இடத்திலிருந்து படி வரைக்கும் நடந்து எண்ணினேன், பதினாலு எட்டு. போன வேலை முடிந்தது. அருவியைப் பார்த்ததும் ஆசை வந்து, நானும் துணியை அவரிடமே கொடுத்துவிட்டுக் குளித்தேன். ஈரத்தோடு வந்து கையை நீட்டினேன். அக்கா ஒரு பேண்ட்டைக் கொடுத்தார். போட்டேன். அதற்குள் என்னோடு இன்னொருவரும் நுழைந்துகொள்ளலாம் போல இருந்தது. இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனேன்.

"ஐயோ, மாறிப்போச்சா! வாயத் தொறந்து கேட்டிருந்தா சரியா எடுத்திருப்பேன் தம்பி. நான் சத்தத்த வச்சுத்தான் குடுக்கது. நீங்க ஊமை மாரி கைய நீட்டுனீய" என்றார்.

அன்று சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்து மேடத்திடம் இந்தக் கதையைச் சொன்னேன். பேண்ட் நழுவியதை எழுந்து நடித்தே காட்டினேன். மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சத்தத்தை வைத்துக் கொடுப்பேன் என்று அக்கா சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் சிரிப்பு குறைந்துவிடும். கதையை எங்கே வெட்டினால் ஆள் சிரிப்பான் என்பது மட்டும்தான் நான் படித்த படிப்பு.

சிரித்து முடித்த மேடம் பேனாவை எடுத்தார். "அவ்வளவு கிட்டத்துலயா மாத்திக் குடுத்தாங்க?"

மறுநாள் கோர்ட்டில் நான் கதவோரம் நின்றேன். அக்கா நின்ற சாட்சிக் கூண்டிலிருந்து சரியாகப் பதினாலு எட்டு. என் கையில் அன்று மாறிப்போய்த் திரும்பக் கிடைத்த என் பேண்ட், மடித்தது. ஜட்ஜிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மேடம் கேட்டார்: "அந்தா நிக்கிற ஆள் கையில என்ன வச்சிருக்காரு?"

அக்கா முகத்தைச் சுருக்கிப் பார்த்தார். "கேஸ் கட்டு."

நான் பேண்ட்டை உதறிக் காட்டினேன். கோர்ட்டே சிரித்தது. பின் பெஞ்சில் இறந்தவரின் மனைவி சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா சிரிப்பு வந்த பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் புரை இருப்பது பிறகு அவர் வாயாலேயே பதிவானது.

கட்சிக்காரர் விடுதலையானார். படியிறங்கி வந்து மேடத்தின் காலில் விழுந்தார். என்னையும் கட்டிப்பிடித்து, "உம்ம பேண்ட்டு என் உசுரக் காப்பாத்திட்டு வே" என்றார். ஒரு மாதம் ஊரெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த சீசனில் குற்றாலம் போனபோது அக்கா அதே இடத்தில் இருந்தார். முன்னால் நாலைந்து துணிகூட இல்லை.

"என்னக்கா, நல்லாருக்கீயளா?"

"பேண்ட்டு மாறுன தம்பிதான? வாங்க." குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். "முன்ன மாரி யாரும் துணி குடுக்கதில்ல தம்பி. கோர்ட்டுல எவனோ ஒருத்தன் துணியத் தூக்கிக் காட்டுனானாம். ஊரே சொல்லிச் சிரிக்கு. அவன் யாருன்னுகூட எனக்குத் தெரியல."

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. "பாத்தேன்னு நீங்கதானக்கா சொன்னீய?" என்றேன். பாவி, அங்கேயும் குறுக்கு விசாரணை.

"யாரு தள்ளுனதுன்னு கேட்டாவ, சொன்னேன். பாத்தியான்னாவ, ஆமான்னுட்டேன். பத்து வருசமா பக்கத்துல கெடந்த ரெண்டு பேரு சத்தம் எனக்குத் தெரியாதா? 'அண்ணாச்சி தள்ளாதீய, வழுக்குது'ன்னு செத்துப்போனவன் கத்துனான். 'போலே'ன்னு சிப்ஸ் கடை அண்ணாச்சி ஏசுனாரு. பொறவு ஒரு சத்தம். காதுல என்ன கேட்டுச்சுன்னு ஒருத்தரும் கேக்கல தம்பி."

சட்டையையும் பேண்ட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு அருவிக்கடியில் போய் நின்றேன். திரும்பி வந்து, "அக்கா" என்றேன். என் துணியைச் சரியாக எடுத்துக் கொடுத்தார்.

ஆபீஸுக்கு வந்து மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெட்டிய பாதியையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. "முழுசாச் சொல்லியிருந்தாலும் நான் கண்ணப் பத்தித்தான் கேட்டிருப்பேன். கட்சிக்காரருக்காக நிக்கிறது என் வேலை" என்றார். பிறகு ஸ்டூலைக் காட்டினார். "உக்காருங்க. அந்தம்மாவா."

முடிந்துபோன கேஸ். ஆனாலும் உட்கார்ந்தேன்.

"அருவி இரைச்சல்ல உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"அந்த இரைச்சல்லதான் தெனமும் சத்தத்த வச்சுத் துணி குடுக்கேன்."

"குற்றாலத்துல அண்ணாச்சின்னு கூப்பிட்டா நூறு பேரு திரும்புவாங்க. இவருதான்னு எப்படிச் சொல்லுதீங்க?"

"நூறு பேரு திரும்பட்டும். 'போலே'ன்னு சொன்னது ஒருத்தருதான். அந்தச் சத்தத்த பத்து வருசமா கேக்கேன்."

மேடம் மூன்றாவது கேள்வியைத் தாளில் எழுதி, அடித்தார். மேஜையில், விடுதலைக்குப் பிறகும் கட்சிக்காரர் நன்றிக்காகக் கொண்டுவருகிற சிப்ஸ் பொட்டலம் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

"குறுக்கு விசாரணை இல்லை."

கோர்ட்டாக இருந்தால், நீங்க இறங்கலாம் என்று ஜட்ஜ் சொல்வார். இங்கே சொல்ல ஆள் இல்லை. நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.