மூன்றாம் நம்பர் மிஷினின் நோட்டு

நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில் அறிவு மேலாண்மைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடக் கூடாதாம். அதற்காக மாதம் ஒரு கூட்டம், கூட்டத்தில் முந்திரி பிஸ்கட். போன மாதம் ஒருவர், தெரிந்ததை எழுதித் தர ஆட்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். அந்தக் காரணம் எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அதற்காக ஒரு நோட்டைத் திருடியும் இருக்கிறேன்.

அப்போது நாங்கள், கன்னடமும் புழங்கும் தொழிற்பேட்டையான மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறையும் சமையல்கட்டும் கொண்ட லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு தொழிற்சாலையில் வேலை. அம்மாவின் தொழிற்சாலையில் ரப்பர் வளையங்கள் செய்தார்கள். அங்கே மூன்றாம் நம்பர் பிரஸ் அம்மாவுடையது. சூடான இரண்டு இரும்புத் தட்டுகள். நடுவில் ரப்பரை வைத்தால் மேல் தட்டு இறங்கி அழுத்தி வளையமாக்கும். எங்கோ வெளிநாட்டில் உழைத்துக் களைத்த பிறகு இங்கே வந்து சேர்ந்த மிஷின் அது. கூடவே வந்த புத்தகம் யாருக்கும் தெரியாத மொழியில் இருந்ததால் மேனேஜரின் பீரோவில் வெகு பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தது. மிஷினின் குணமெல்லாம் அம்மாவின் தலையில்தான் இருந்தது.

அம்மாவுக்கு லீவு என்றால் அந்த மிஷினுக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்த்து போன் அடிக்கும். "அக்கா, மூணாம் நம்பரு மொரண்டு பண்ணுது" என்பார் சூப்பர்வைசர். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தால் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "போனை மிஷினு கிட்டப் புடி தம்பி" என்பாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்பாள். பிறகு, "ஆயில் கொறஞ்சிருக்குது, ஊத்து" என்பாள். சொன்னது சொன்னபடி இருக்கும். டாக்டர்கூட நெஞ்சில் வைத்துத்தான் கேட்கிறார், எங்கம்மா இங்கிருந்தே கேட்கிறாள் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பெரியம்மா வீடு கட்டியிருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு அம்மா நான்கு நாள் லீவு கேட்டாள். மேனேஜர் தருவதாகச் சொன்னார். ஆனால் அந்த மிஷினைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றார். அம்மாவின் இடத்தில் நிற்கப் போவது ஆனேக்கல் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு கன்னடக்கார அக்கா. அவளுக்குத் தமிழ் படிக்க வராது; அம்மாவுக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. அதனால் அம்மா என் டிராயிங் நோட்டை வாங்கி, ஒரு வாரம் சாயங்காலங்களில் உட்கார்ந்து படமாகவே போட்டாள். குளிர் நாளில் டீ குடித்து முடிக்கும் வரை மிஷினைச் சும்மா ஓடவிட வேண்டும் என்பதற்கு ஒரு டீ கிளாஸ். முதல் பக்கத்தில் மட்டும் மிஷினின் தட்டுக்கு அடியில் ஒரு கை, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு மரக்கட்டை. அம்மாவுக்குக் கை வரையத் தெரியவில்லை, வாழைச்சீப்பு போல இருக்கிறது என்று சிரித்தேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்குத் தெரிஞ்சதுக்காகத்தான் உன்னை வெச்சிருக்கறாங்க. அதையும் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நீ எதுக்கு? தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாங்களா யாராச்சும்?"

அம்மா பென்சிலைச் சீவினாள். அவள் கான்ட்ராக்ட் ஆள். யார் இருக்கலாம், யார் போகலாம் என்று வருஷத்துக்கு ஒரு முறை லிஸ்ட் வரும். லிஸ்ட் வரும் வாரத்தில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். நோட்டு போய்ச் சேர்ந்தால் அடுத்த லிஸ்டில் அம்மாவும் போவாள் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஊருக்குப் புறப்பட்ட காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் நின்றது. "டிரைவர் அண்ணன்கிட்ட குடுத்துட்டு ஓடியா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று அம்மா நோட்டை என் கையில் கொடுத்தாள். நான் ஓடினேன். வேன் கிளம்பிப் போகும் வரை மின்கம்பத்தின் பின்னால் நின்றேன். நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து, பையில் என் பட்டுப்பாவாடைக்கு அடியில் வைத்தேன். "குடுத்துட்டியா?" என்றாள். "குடுத்துட்டேன்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன். அப்பாவால் முடியாததை நான் செய்து குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட நினைப்பு எனக்கு.

பெரியம்மாவின் ஊரில் போனுக்கு சிக்னல் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறை. அதன் மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்ச இன்னும் அரை மணி இருந்தது. "ஒரு எட்டு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று அம்மா புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறையில் ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். போனை எடுத்த சூப்பர்வைசரின் குரல் எனக்கே கேட்டது.

"நல்ல நேரத்துல போன் பண்ணுனீங்க அக்கா. இப்பத்தான் பாதியில நின்னுபோச்சு. ரப்பரு உள்ள மாட்டிக்கிச்சு, இந்தப் பொண்ணு எடுக்கறா."

"நோட்டுல மொதப் பக்கம் பாக்கலையா தம்பி?"

"எந்த நோட்டு?"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "கை ஹாக்கபேடா! கை ஹாக்கபேடா!" என்று கன்னடத்தில் அலறினாள். உள்ளே கை வைக்காதே என்று அர்த்தம். கீழே மேய்ந்துகொண்டிருந்த மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. அந்த மிஷின் பாதியில் நின்றால் நின்றது போலத்தான் தெரியுமாம். இருபது எண்ணுவதற்குள் மேல் தட்டு தானாக இறங்கிவிடும். அதனால் அம்மா முதலில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்த பிறகுதான் எதையும் தொடுவாள். அது அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

போனில் இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் கேட்டது.

"அக்கா... எறங்கிருச்சு."

"கை?"

"வெளியில இருக்குது அக்கா. கை வெளியிலதான் இருக்குது."

மெயினை அணைத்துவிட்டு மெக்கானிக் வரும் வரை யாரும் கிட்டப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, அம்மா அப்படியே பாறையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து நீட்டினேன். அடிப்பாள் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். "ஏன்டி?" என்றாள். அப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

"உங்கப்பா சொன்னது நெசந்தான்" என்றாள் அம்மா.

நிஜம் என்று சொல்லிக்கொண்டே நோட்டை மடியில் வைத்து விரித்தாள். மறுபடி போன் போட்டு, அந்த அக்காவைக் கூப்பிடச் சொல்லி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாகக் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தாள். அவசரமே படவில்லை. பாடம் கேட்டவள் திருப்பிச் சொல்லும் வரை அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. பெரியம்மா இரண்டு தரம் ஆள் அனுப்பினாள். "தோ வர்றேன்" என்று கையைக் காட்டிவிட்டு அம்மா டீ கிளாஸ் படத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் இல்லாமலே கீழே பால் பொங்கியது. கூடப் பிறந்தவளின் வீட்டுப் பால் பொங்கும்போது பாறை மேல் உட்கார்ந்திருந்தவள் என்று பெரியம்மா ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். முந்திரி பிஸ்கட் கூட்டங்களில் உட்காரும்போதெல்லாம், என் அம்மாவைப் போல ஓர் ஆள் இந்தக் கட்டடத்தில் உண்டா என்று நினைத்துக்கொள்வேன். அவளை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

அப்போது அப்படி நினைக்கவில்லை. அப்பா சொன்னது அடுத்த லிஸ்டிலேயே பலித்தது. மூன்றாம் நம்பர் அந்த அக்காவுக்குப் போனது. அம்மாவைப் பேக்கிங்கில் போட்டார்கள்; நாள் முழுக்க அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருவது நின்றது. "நல்லா ஓட்டறா அந்தப் புள்ள" என்று அம்மா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

அந்த அக்கா ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊரிலிருந்து ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டு வந்திருந்தாள். அம்மா களி கிண்டி, அவரைக்காய்க் குழம்பு வைத்து அவளை உட்கார வைத்துப் பரிமாறினாள். இரண்டு பேரும் கன்னடத்தில் என்னவோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் களியைப் பிய்த்து உருட்டிக் குழம்பில் தோய்க்கும் கையையே முறைத்துக்கொண்டிருந்தேன். எங்கம்மா மிஷினைப் பிடுங்கிக்கொண்ட கை இதுதானே என்று மனதுக்குள் திட்டினேன். அந்தக் கையில் ஐந்து விரலும் இருந்தது என் கண்ணில் படவே இல்லை.