ஆட்சேபம்: இல்லை

சிறுவர் புத்தகங்களைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவது அதைவிடப் பெரிய வேலை. என்னைப் போல ஸ்கூட்டியில் புத்தக மூட்டையைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி வெயிலில் அலைகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரே ஒரு புத்தகத்தின் கதையைச் சொல்கிறேன். மலையிலிருந்து கீழே படிக்க வரும் ஒரு பெண்ணின் படக்கதை அது. வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மொத்தமே பதினாறு பக்கம்.

எழுதித் தரக் கேட்டேன்

மலையடிவாரத்தில், வடக்கனந்தல் பக்கம் ஒரு பள்ளி. தலைமையாசிரியர் தங்கமானவர், போனதும் டீ சொல்வார். அன்று டீயோடு அந்தப் புத்தகத்தையும் மேசைமேல் வைத்தார். பள்ளிக்குப் பீரோ வாங்கிக் கொடுத்த பெரிய மனிதர் பார்த்துவிட்டாராம். நம் பள்ளியில் இப்படியெல்லாம் கிடையாதே, பிள்ளைகளிடம் எதற்குக் கிளப்பிவிட வேண்டும் என்றாராம்.

எங்கள் மாத அறிக்கையில் 'ஆட்சேபம்' என்று ஒரு கட்டம் உண்டு. பள்ளி எழுதிக் கொடுத்தால்தான் அதை நிரப்ப முடியும். எழுதிக் கொடுங்கள் சார், நான் மேலே பேசுகிறேன் என்றேன். மனிதர் பதறிப்போனார்.

"எழுதிக் குடுத்தா தடை பண்ண மாதிரி ஆயிடும் மேடம். சும்மா எடுத்துக்கினு போயிடுங்க."

பத்திரமாக இருக்கிறது

கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுத் திருக்கோவிலூர் பக்கம் போனேன். அங்கே ஒரு பள்ளியில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று மாதம் கழித்துப் போனால், பூட்டிய பீரோவுக்குள் நான் போட்டுக் கொடுத்த கவர் கூடப் பிரிக்காமல் இருக்கிறது. பெற்றோர் யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றார் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர். யாராவது சொன்னார்களா? இல்லையாம். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சமாதானமும் சொன்னார்.

"பாருங்க மேடம், ஒரு பக்கம் கசங்கல."

அந்த அம்மா

கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் நானே அந்தக் கதையை வாசித்தேன். ஐந்தாம் வகுப்பு பூங்கொடி படத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். பாதியில் அவளைக் கூப்பிட அம்மா வந்தார், சாமைக் கொல்லையிலிருந்து நேராக. படத்தைப் பார்த்தார். அடுத்த வருடம் பெண்ணைக் கீழே ஹாஸ்டலில் சேர்ப்பதாக இருக்கிறார்களாம். புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்தார். கடைசியில் நல்லபடியாகத்தான் முடியும் என்றேன்.

"இத படிச்சா அது கீழ போவாதுங்க. போவலன்னா எப்டிங்க படிக்கும்?"

கடைசி பெஞ்சு

மறு வருடம் பூங்கொடியைப் பார்த்தேன், முதலில் சொன்ன அதே வடக்கனந்தல் பக்கத்துப் பள்ளியில். கடைசி பெஞ்சில் அவள் மட்டும். பக்கத்தில் மற்ற பிள்ளைகளின் பைகள். மணி அடித்து எல்லோரும் வெளியே போனபின் என்னிடம் வந்தாள்.

"அந்தப் பொண்ணு கடைசில இன்னா பண்ணுச்சு மிஸ்?"

எனக்குத் தெரியும். ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். தலைமையாசிரியர் வாசலில் நின்றிருந்தார். இவரைப் பகைத்துக்கொண்டால் மற்ற புத்தகங்களுக்கும் கதவு சாத்திவிடுவாரே என்று பயந்துவிட்டேன். அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம், யார் என்ன சொன்னாலும் சரி என்று புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கடைசி பெஞ்சு முழுக்கப் பைகள். தலைமையாசிரியர் வழக்கம்போல டீ சொன்னார்.

"அந்தப் புள்ள மலைக்கே போயிடுச்சி மேடம். இடம் ஒத்துக்கல போல."

அந்த மாத அறிக்கையிலும் 'இல்லை' என்றுதான் எழுதினேன். எங்கள் பக்கம் எந்தப் புத்தகத்தையும் யாரும் தடை செய்ததே கிடையாது, பாருங்கள்.