படத்திலிருந்த சிவப்பு

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டு வெளியேறியவன் நான். லாரி, ஓட்டல், செங்கல் சூளை என்று எங்கும் நிலைத்ததில்லை. அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்ட பிறகுதான் விக்கிரமசிங்கபுரத்துக்குத் திரும்பினேன். கண் திறந்திருக்கும். பேச்சில்லை, அசைவில்லை. அவனைப் புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் வேண்டும் என்பதால் தங்கினேன்.

அண்ணனும் மதினியும் ஒரே மில்லில் நூல் நூற்கும் பகுதியில் வேலை பார்த்தவர்கள். மிஷின் இரைச்சலில் அங்கே எதுவும் கேட்காது. காதோரம் வாய்வைத்து ஒன்றைச் சொல்வார்கள். உடனே தலையை எடுத்து முகத்தைப் பார்ப்பார்கள். பதிலை உதட்டசைவில்தான் பிடிக்க வேண்டும். வீட்டிலும் அவர்கள் பேச்சு அப்படித்தான். அண்ணன் படுத்த பிறகும் மதினி அதை விடவில்லை.

பாளையங்கோட்டையில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டரம்மா அண்ணனை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, மதினியின் குரலை அவன் காதில் ஒலிக்கவிட்டார். கம்ப்யூட்டரில் வந்த படத்தில் ஓரிடம் சிவந்திருந்தது. குரலுக்கு மூளை அசைவதுபோல் இருக்கிறது, ஆனால் இன்னும் சரிபார்க்க வேண்டும் என்றார். பின்பாதி எங்கள் இருவர் காதிலும் ஏறவில்லை. மதினி அந்தப் படத்தைப் போனில் எடுத்துவந்து தெருவெல்லாம் காட்டினாள். அவன் கட்டிலருகே யாராவது உச்சுக்கொட்டினால், "அவிய கேட்டுக்கிட்டுதான் இருக்காவ. வெளிய போய்ப் பேசுங்க" என்பாள். ஊரைவிட்டுக் கிளம்ப எடுத்த பையை நானும் திரும்பக் கீழே வைத்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டார். போனபோது அவர் முகம் சரியில்லை. மூளைப் படத்தைப் பல்லாயிரம் பொடித் துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போடுவார்களாம். அத்தனை துண்டு இருக்கும்போது சிலது எந்தக் காரணமும் இல்லாமலே சிவப்புக் காட்டிவிடுமாம். அப்படித் தானாக வருவதற்கும் இடம்விட்டு மறுபடி கணக்குப் போட்டபோது சிவப்பு எதுவும் மிஞ்சவில்லை என்றார்.

எனக்குப் பாதிதான் விளங்கியது. மதினிதான் கேட்டாள்.

"மிஷின்ல நூல் சுத்துற கதிர் அத்தனை ஓடும். யாரும் தொடாமலே அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு நூல் அறுந்துக்கிட்டேதான் இருக்கும். அது மாதிரியா?"

"அது மாதிரிதான் அக்கா. அவருக்குக் கேக்கலைன்னு நான் சொல்லலை. கேக்குன்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"தன்னால அறுந்த நூலைப் பாத்துட்டு, ஆளு வந்துட்டுப் போயிருக்குன்னு நெனச்சிருக்கேன்" என்றாள் மதினி.

திரும்பும் பஸ்ஸில், அம்பாசமுத்திரம் தாண்டியபோது, அந்தப் படத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். கிடக்கட்டும் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் குழாய்வழியே அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு வழக்கம்போலக் குனிந்து, ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அவன் காதோரம் சொன்னாள். சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அவள் பார்க்காமல் போன முகத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.