மூன்று கட்டுத் துணி

நீங்கள் சாயந்தர ரயிலில் மதுரைக்குப் போவதாகச் சொன்னதும் ஞாபகம் வந்தது. தேனிக்கு மறுபடி ரயில் விட்டார்களே, அந்த வருடத் தீபாவளியில் நடந்தது இது. ரயில் வந்த புதிதில் அதைப் பார்க்கவென்றே சின்னமனூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன், நீலச் சட்டையில். தேனி என்றால் எனக்கு நீலச் சட்டைதான். என் வீட்டுக்காரி போட்ட சட்டம்.

கல்யாணமான புதிதில், மாமனார் எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு வாழைத்தார் வெட்டப் போய்விட்டேன். வாழைக்கறை எந்த வெளுப்புக்கும் போகாது. அவள் சத்தம் போடவில்லை. பெட்டியிலிருந்த என் துணியை எல்லாம் தரையில் கொட்டி மூன்றாகப் பிரித்தாள். வாழைக்குக் காக்கிச் சட்டையும் பழைய கைலியும். வெற்றிலைக் கொடிக்காலுக்குத் துவைத்த வேட்டியும் வெள்ளைப் பனியனும். செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு நுழைகிற இடம் அது. தேனி மார்க்கெட்டுக்கு நீலச் சட்டை, நீலக்கரை வேட்டி. ஒவ்வொன்றையும் சேர்த்துச் சுருட்டி, துண்டால் கட்டி, ஆணியில் மாட்டினாள். எழுத்து தெரியாத எனக்குத் துண்டின் நிறமே போதுமாக இருந்தது. ஒரு சட்டை கிழிந்தால் அதே நிறத்தில் இன்னொன்று வரும். அதற்கப்புறம் எதை உடுத்துவது என்று ஒரு நாளும் நான் நின்று யோசித்ததில்லை.

அவள் வேலையும் அந்தக் கட்டை வைத்துத்தான் ஓடும். காக்கி என்றால் தூக்குவாளியில் சோறு, சாயந்தரம் வெந்நீர். நீலம் என்றால் மத்தியானம் எனக்கு உலை வைக்கமாட்டாள். திரும்பி வந்ததும் சட்டைப் பைக்குள் கையை விட்டு, காராச்சேவுப் பொட்டலத்தை அவளே எடுத்துக்கொள்வாள். டீக்கடையில் என்னைக் கேலி பேசாத ஆள் இல்லை. “மாமா, திருவிழாக் கூட்டத்துல ஒம்மத் தொலச்சுட்டா மூஞ்சியச் சொல்ல வேணாம்யா, சட்டையச் சொன்னாப் போதும்” என்பான் ஒருத்தன்.

ரயில் வருவதற்கு முன்பே அவளுக்கு மறதி தொடங்கிவிட்டது. முதலில் குழம்புக்கு உப்பு மறந்தது, பிறகு தெரு, பிறகு மகன் பெயர். சட்டை மட்டும் மறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவள் என்னைக் கண்டுபிடிக்கிறாள் என்பது எனக்கே அப்போது தெரியாது.

தீபாவளிக்கு மகன் மதுரையிலிருந்து வந்தான். கோடு போட்ட சிவப்புச் சட்டை எடுத்து வந்திருந்தான். இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கறைத்துணி என்று கேட்டு, மூன்று கட்டையும் பாத்திரக்காரருக்குப் போடுகிற சாக்கில் திணித்தான். ஆசையாகச் செய்கிறான், நான் தடுக்கவில்லை. சிவப்பை உடுத்திக்கொண்டு, கொல்லையில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் போய் நின்றேன்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெளி ஆளைப் பார்க்கிற பார்வை.

“அவுக தேனிக்குப் போயிருக்காக. சாயந்தரமா வாங்க.”

மகன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நான்தான் என்று சொன்னால் பயந்துவிடுவாள். உள்ளே போனபோது மகன் எனக்கு முன்னால் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நீலச் சட்டையை அவனே உதறிக் கொடுத்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற மாதிரி தெருவாசல் வழியாகச் சுற்றி வந்தேன். தலையைத் தூக்கினாள்.

“பஸ்ஸு கெடைக்கலையாக்கும்?” என்று கேட்டபடி என் பைக்குள் கையை விட்டாள். மருமகள் சுட்ட முறுக்கை ஒடித்துப் போட்டிருந்தேன். கடித்துப் பார்த்தாள்.

“கடைக்காரய்ங்க எண்ணெய மாத்திட்டாய்ங்க.”

அன்றிலிருந்து வீட்டில் இருந்தாலும் எனக்கு நீலம்தான். ராத்திரி துவைத்துக் காலையில் போட்டுக் கழுத்துப் பட்டை நைந்துவிட்டது. போனில் சொன்னால் மகன் வேறு நீலம் எடுத்துவிடுவான். அதனால் சட்டை ஓரத்தில் கத்தரித்த இந்தத் துணியை அவன் கையில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். பொங்கலுக்கு வரும்போது இதே நிறத்தில் இரண்டு சட்டை. பை இடது பக்கம் இருக்க வேண்டும். அவள் அங்கேதான் கையை விடுவாள்.