பூட்டுன செல்லும் அஞ்சாவது தடவையும்

1. நாலு போச்சு

"இன்னும் ஒரு தடவதானுங்க பாக்கி. அதுவும் தப்பாப் போச்சுன்னா இந்தச் செல்லு செட்டு ஆயுசுக்கும் தொறக்காதுங்க."

இதைய நான் சொன்னப்ப ஆறுச்சாமி கடை ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாருங்க. டம்ளரு வாய்க்குப் பக்கத்துல அப்படியே நின்னுபோச்சு.

"நேத்து மூணு பாக்கி இருக்குதுன்னு சொன்னீங்களே?"ன்னாரு.

"ஆமாங்க. ரெண்ட நான் தின்னுபோட்டனுங்க."

சனிக்கெழம மத்தியானம் அது. தொண்ணூத்தொம்போதாம் வருசம், ஆயுத பூஜை கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும். கோயமுத்தூரு காந்திபுரத்துல, மாடிப்படிக்கு அடியில ஒரு செல்லு, டேப்பு ரிப்பேரு கடை. மொதலாளி பேரு நடராஜு. என்னைய விட எட்டு வயசு எளையவரு, அதனால என்னைய "சின்னுச்சாமிண்ணா"ம்பாரு. நான் அவர "மொதலாளி"ம்பேன். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு 'ங்க' போட்டுத்தான் பேசிக்குவோம், சண்டைலயும்.

செல்லு வாரதுக்கு முன்னால நான் டேப் ரிக்கார்டரு மெக்கானிக்குங்க. பள்ளிக்கோடத்துப் பக்கம் எச்சாப் போனதில்ல. தமிழ எழுத்துக்கூட்டிப் படிப்பேன், நம்பரு நல்லாத் தெரியும், இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா ஹெட்டு தேஞ்சிருக்குதா, பெல்ட்டு தொவண்டுபோச்சான்னு பாட்டு ஓடற சத்தத்த வெச்சே சொல்லிப்போடுவேன். ஒருக்கா பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு கல்யாண மண்டபத்துக்காரரு செட்டத் தூக்கிட்டு வந்து, நாதசுரம் அழுவற மாதிரி கேக்குதுங்கன்னாரு. தொறந்து பாத்தா உள்ளார ஒரு பல்லி. சரி, அந்தக் கதைய உடுங்க. செல்லுக்குச் சத்தம் கெடையாது. தொறந்தாலும் ஒண்ணும் சுத்தாது. நாப்பத்தெட்டு வயசுல அதைய நான் புதுசாப் படிக்க வேண்டியதாப் போச்சு.

2. பூட்டுன்னா என்ன

இன்னைக்குக் கடை வெச்சிருக்கற தம்பிமாருக்கு இது தெரியாதுங்க, அதனால சொல்றேன். அப்ப நம்மூர்ல செல்லு கம்பெனி ரெண்டே ரெண்டு. செட்டு நாம தனியா வாங்கிக்கோணும், சிம்மு அவங்க தருவாங்க. எந்தச் சிம்மப் போட்டாலும் ஓடும். வெளிநாட்டுல அப்படியில்ல. அங்க கம்பெனிக்காரனே செட்டக் கம்மி வெலைக்குக் குடுத்துப்போட்டு, 'என்ற சிம்மத் தவுர வேற போடாதே'ன்னு உள்ளாரயே பூட்டிருவான். அங்க இருக்கற ஒறம்பர, சொந்தக்காரங்க ஆசையா வாங்கி ஊருக்குத் தாட்டி உடுவாங்க. இங்க வந்து நம்ம சிம்மப் போட்டா, ஏத்துக்க மாட்டேன்னு இங்கிலீசுல எழுத்து வரும். அவ்வளவுதான்.

தொறக்கறதுக்கு ஒரு கோடு நம்பரு உண்டு. பேட்டரியக் கழட்டுனா அடியில ஒரு ஸ்டிக்கரு இருக்கும், அதுல பதினஞ்சு நம்பரு. ஒவ்வொரு செட்டுக்கும் ஒவ்வொண்ணு. அந்தப் பதினஞ்சயும் மெட்ராஸ்ல ஒரு பாய் இருந்தாரு, அவருக்குப் போன்ல சொன்னா, கம்ப்யூட்டர்ல போட்டுக் கணக்குப் பண்ணி கோடு நம்பரு சொல்லுவாரு. அதைய ஸ்டார் பட்டன மூணு தடவ, நாலு தடவன்னு தட்டித்தட்டி எழுத்து வரவெச்சு, அந்த எழுத்துக்கு நடுவுல ஏத்தோணும். விரலு ஒண்ணு தவறுனாலும் தப்பு. அஞ்சு தடவ தப்பாப் போச்சுன்னா செட்டு செத்துப்போச்சு. பொறவு பாயே நேர்ல வந்தாலும் ஆவாது.

நான் அதுக்கு முன்னால ரெண்டு செட்டு தொறந்திருந்தனுங்க. ரெண்டும் வேற மாடலு, மொதத் தடவயே தொறந்துக்கிச்சு. அதுல கொஞ்சம் தலைக்கேறிப்போச்சுன்னு வெச்சுக்கங்களேன்.

3. ஆறுச்சாமி

ஆறுச்சாமிக்குச் சரவணம்பட்டிக்கு அக்கட்டால ரெண்டு ஏக்கரா. அப்ப அங்கெல்லாம் சோளக்காடுங்க, இன்னைக்குப் பாக்கற கட்டடம் ஒண்ணும் கெடையாது. அவருக்கு ஒரே புள்ள, மல்லிகா, ஒம்போது வயசு. இருதயத்துல ஓட்டை.

ஒரு பெரிய டாக்டரு வடக்கேருந்து ரெண்டு வாரத்துக்கு வந்து ஆபரேசன் பண்ணுவாருன்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க. எந்த நாளு யாருக்குன்னு அன்னன்னைக்குத்தான் தெரியுமாம். "கொழந்தைக்குச் சளி புடிச்சா ஆபரேசன் கெடையாது, கூட்டத்துல கொண்டாந்து உக்கார வெக்காதீங்க, ஊட்லயே இருங்க. போன் வந்தா ரெண்டு மணி நேரத்துல வந்துரோணும், இல்லீன்னா அடுத்த பேரக் கூப்புடுவோம்"னு சொல்லிட்டாங்க.

அவரு ஊட்ல ஏதுங்க போனு? எழுதிப்போட்டு வரிசைல காத்துக்கிட்டிருந்தாரு. போன தடவ அந்த டாக்டரு வந்தப்ப, பக்கத்து மில்லு ஆபீசு நம்பரக் குடுத்திருக்காரு. காலைல வந்த போனு, வாட்ச்மேன் மூலமா சாயங்காலம் இவருக்குச் சேந்திருக்குது. அதுக்குள்ள வேற புள்ளைக்கு ஆபரேசன் ஆயிப்போச்சு.

இதையெல்லாம் வெள்ளிக்கெழம செட்டக் குடுக்கறப்ப அவரே சொன்னதுதான். "அந்தப் புள்ளயும் நல்லா இருக்கட்டுமுங்க. எங்களுக்கு இந்தத் தடவ தவறக்கூடாதுங்க, அவ்வளவுதான்"னாரு. அவரு மச்சான் இங்கிலாந்துல ஒரு ஓட்டல்ல சமயக்கட்டு வேல. அக்கா புள்ளைக்காகன்னு இந்தச் செட்டத் தாட்டி உட்டிருக்காரு. நம்மூருச் சிம்மு வாங்கி, ஆஸ்பத்திரில அந்த நம்பரயும் எழுதிக் குடுத்தாச்சு. போட்டுப் பாத்தா ஏத்துக்கல. டவுனால் பக்கம் ஒரு கடைல குடுத்து, அவங்க ரெண்டு தடவ குருட்டாம்போக்குல தட்டி உட்டுப்போட்டு, ஆவாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. பொறவுதான் நம்ம கடை. டாக்டரு வாரது திங்கக்கெழம.

"உங்க தோட்டத்துல சிக்னலு வருங்களா?"ன்னு கேட்டேன்.

"தண்ணித் தொட்டி மேல ஏறுனா ரெண்டு கம்பி வருதுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரரு சொன்னாருங்க. ரெண்டு வாரமும் தொட்டி மேலதான் குடித்தனம்"னு சிரிச்சாரு.

4. நான் பண்ணுன தப்பு

நம்ம கடைக்கு ஒட்டுனாப்புல ஒரு எஸ்.டி.டி. பூத்து. மேரின்னு ஒரு அம்மணி பாத்துக்கிட்டாங்க, சூலூருக்காரங்க. பாய்கிட்டப் பேசறதுன்னா நான் நம்பரச் சீட்டுல எழுதிக் குடுப்பேன், அவங்க படிச்சுச் சொல்லுவாங்க. பாய் வேகமாப் பேசுவாரு, எனக்குப் புரியாது.

சனிக்கெழம காலைல பேட்டரியக் கழட்டுனா, உள்ளார ஒரே மஞ்சளாவும் செவப்பாவும் இருந்துச்சு. ஆறுச்சாமிகிட்டக் கேட்டா, "ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வெச்சனுங்க"ன்னாரு.

"மேலதானுங்க வெக்கோணும்?"

"மோட்டாருக்குப் பொட்டு வெக்கறதுன்னா மோட்டாரு ரூம்பு மேலயா வெப்பீங்க? இதுக்கு என்ஜின் உள்ளாரதானுங்களே இருக்குது?"

அவரு சொன்னதுல தப்பில்லீங்க. நானும் கடைல ஸ்பேனரு, சால்டரிங் அயனு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சவன்தான். ஈரத்துணியில தொடச்சேன். குங்குமம் பாதி போச்சு, பாதி ஸ்டிக்கரு காயிதத்துலயே ஊறிப்போச்சு. கண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரி பதினஞ்சு நம்பரயும் எழுதி மேரிகிட்டக் குடுத்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு பாய் கோடு நம்பரு குடுத்தாரு. ஏத்துனேன். தப்புன்னு வந்துச்சு. இங்கிலீசு தெரியாட்டியும், சிம்மு மறுபடியும் ஏத்துக்காததுல தெரிஞ்சுக்கிட்டனுங்க, அந்த எழுத்தோட வடிவத்தையும் மனசுல புடிச்சு வெச்சுக்கிட்டேன்.

அப்ப நிறுத்தியிருக்கோணும். நிறுத்தல. நம்ம விரலுதான் எங்கியோ தவறிருக்கும், மொதலாளி பாக்கறதுக்குள்ள சரி பண்ணிப்போடலாம்னு அதே நம்பரத் திரும்பவும் ஏத்துனேன். அதுவும் தப்பு.

செட்டே இப்படித்தான், எங்கனாலயும் ஆவாதுன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துரலாம்னு ஒரு நெனப்பு வந்துச்சு. பொய் சொல்றேன்னு நெனைக்காதீங்க, வந்துச்சு. நேத்து நான் எண்ணுனதுதான் தப்பு, நாலும் டவுனால்காரங்க தட்டுனதுன்னு சொல்லிருந்தா ஆறுச்சாமிக்கு எப்படித் தெரியும்? ஆனா அந்த மனுசன் பக்கத்துக் கடைல டீ சொல்லிட்டு, எனக்கும் ஒண்ணு வாங்கியாந்து மேசைல வெச்சாரு. சக்கர கம்மியாப் போடச் சொன்னனுங்க, நேத்து நீங்க அப்படித்தான் குடிச்சீங்கன்னாரு. அதுக்கு மேல எப்படிங்க பொய் சொல்றது? சொல்லிப்போட்டேன்.

5. அஞ்சாவது

அவரு கோவிச்சுக்குவாருன்னு பாத்தேன். டம்ளரக் கீழ வெச்சாரு. "நீங்க வேணும்னா பண்ணுவீங்க?"ன்னாரு. கோவிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பனுங்க.

மொதலாளிக்குக் காதுல உழுந்துபோச்சு. "ஏனுங்ண்ணா, மூணாவதுலயே என்னையக் கூப்புட்டிருக்கலாமில்லீங்க?"ன்னாரு.

மேரி பூத்துலருந்து எட்டிப் பாத்து, "பாய்கிட்டயே கேக்கலாமுங்ண்ணா, சித்த இருங்க"ன்னு போனப் போட்டாங்க. அந்தப் பக்கம் பாய் சத்தம் போடறது செவுரு தாண்டிக் கேட்டுச்சு. அம்மணியும் உட்டுக்குடுக்கல. "கத்தாதீங்க பாய், நாங்க என்ன வேடிக்கைக்கா கேக்கறோம், ஒரு புள்ள உசுரு"ன்னாங்க. அப்புறமேட்டு ஏதோ எழுதிக்கிட்டாங்க. சீட்டோட வெளிய வந்தாங்க.

"ஸ்டிக்கரப் பாத்தா எழுதுனீங்கன்னு திட்டறாரு. செட்டையே கேக்கோணுமாமா. ஸ்டாரு, ஹேசு, சைபரு, ஆறு, ஹேசு. அடிங்க."

அது வரைக்கும் எனக்கு அது தெரியாதுங்க. அடிச்சேன். தெரையில பதினஞ்சு நம்பரும் பளிச்சுன்னு வந்துச்சு. நான் ஒவ்வொண்ணாச் சொல்லச்சொல்ல, மேரி காலைல நான் எழுதுன சீட்டுல விரல வெச்சுக்கிட்டே வந்தாங்க. ஒம்போதாவதுல நின்னாங்க.

"இதைய எட்டுன்னு எழுதியிருக்கீங்கண்ணா."

"செட்டு மூணுன்னு காட்டுதுங்க அம்மணி."

பேட்டரியத் திரும்பக் கழட்டி, லென்சு வெச்சுப் பாத்தேன். மூணுதான். மூணோட வாய்ல குங்குமம் ஊறி, அடைச்சு, எட்டா நின்னுக்கிட்டிருந்துச்சு. ஆறுச்சாமியும் குனிஞ்சு பாத்தாரு. "நான் வெச்ச பொட்டுங்களா?"ன்னு கேட்டப்ப அவரு மொகம் செத்துப்போச்சு.

"உங்க பொட்டு ஒரு தடவதானுங்க. ரெண்டாவது என்ற கௌரவம்"னேன்.

பாய் புதுக் கோடு குடுத்தாரு. மேரி அதைய ரெண்டு தடவ திருப்பிப் படிச்சுக் கேட்டு வாங்குனாங்க. செட்டக் கையில எடுத்தேன். மொதப் பட்டன அமுத்தப் போயி, திரும்ப மேசைலயே வெச்சுட்டனுங்க. டேப்பு ஹெட்ட மயிரளவு திருப்பறப்பக்கூட நான் இப்படிக் கைய எடுத்ததில்ல.

அப்ப மொதலாளி பண்ணுனதத்தான் நான் இத்தன வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். ஸ்பிரிட்டுப் பாட்டுலு மூடாம இருந்தா, ஆவியாப் போவுதுன்னு வந்து மூடற ஆளு அவரு. இடுப்புல தோலு உறை போட்டு ஒரு செல்லு வெச்சிருந்தாரு, அதைய எங்களத் தொடக்கூட உட மாட்டாரு. அதைய உருவி, அவரு சிம்மக் கழட்டிச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, செட்ட ஆறுச்சாமி மடியில வெச்சாரு.

"அது தொறக்காட்டி இதுல உங்க சிம்மப் போட்டுக் கொண்டுட்டுப் போங்க. பாப்பா ஊட்டுக்கு வந்த பொறவு குடுத்தாப் போதும். அண்ணா, நீங்க பயப்படாம அமுத்துங்க"ன்னாரு. சொல்லிப்போட்டு அந்தப் பக்கம் திரும்பி, சாமி படத்தப் பாத்துட்டு நின்னுக்கிட்டாரு.

செட்டத் திரும்ப எடுத்தனுங்க. ஒரு நம்பர அமுத்துவேன், மேரி அதையப் படிப்பாங்க, பொறவுதான் அடுத்தது. கடைசி பட்டன அமுத்துனேன். எழுத்து வந்துச்சு. தப்புன்னு வந்த வடிவமில்ல, முன்ன தொறந்த ரெண்டு மாடல்ல வந்ததுமில்ல, இது வேற. நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியலீங்க. செத்துப்போச்சுன்னாலும் வேற எழுத்துதானே வரும். செட்ட மேரிகிட்ட நீட்டுனேன்.

அவங்க ஒரு தடவ படிச்சாங்க, கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க, திரும்பப் படிச்சாங்க. "கட்டுப்பாடு எடுத்தாச்சுன்னு போட்டிருக்குதுங்ண்ணா."

சிம்மப் போட்டோம். நம்மூருக் கம்பெனி பேரு வந்துச்சு, பக்கத்துல நாலு கம்பி. மேரி பூத்துக்கு ஓடிப்போயி அந்த நம்பரக் கூப்புட்டாங்க. செட்டு மணியடிச்சுது. ஆறுச்சாமி அதையக் கையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. "எடுங்க"ன்னு மொதலாளி சொல்றாரு, எடுக்க மாட்டேங்கறாரு. "இன்னுங் கொஞ்ச நேரம் அடிக்கட்டுமுங்க"ன்னாரு.

6. பொறவு

புதங்கெழம காலைல ஆஸ்பத்திரிப் போனு தொட்டி மேலதான் வந்துச்சாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரு காருல முக்கா மணி நேரத்துல போயிச் சேந்துட்டாங்க. அடுத்த நாளு மத்தியானம் ஆறுச்சாமி பூத்துக்குப் போன் பண்ணி, "ஆச்சுங்க. கண்ணு முழிச்சுட்டா. எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடுங்க"ன்னு வெச்சுட்டாரு. மேரி கடைக்குள்ள வந்து சொன்னப்ப நான் ஒரு டேப்பு ரிக்கார்டரத் தொறந்து வெச்சிருந்தேன். கொஞ்ச நேரம் ஒரு ஸ்குருவும் கண்ணுக்குத் தெரியலீங்க.

அதுக்கு மேல நூத்துக்கணக்குல செட்டு தொறந்திருப்பேன். அந்த வேலையில எனக்குச் சோறு போட்டது பாயும் மேரியும் மொதலாளியுந்தான். படிக்காதவன்னு ஒரு நாளும் அவங்க என்னையத் தள்ளி வெக்கல. மனசார நன்றி சொல்லிக்கறனுங்க.

தம்பிமாருக்குச் சொல்றதுக்கு என்கிட்ட இருக்கறது கொஞ்சந்தான். ஸ்டிக்கர நம்பாதீங்க, செட்டையே கேளுங்க. அது தொழிலு, ஒரு நாள்ல படிச்சுக்கலாம். இன்னொண்ணு படிக்கத்தான் எனக்கு நாப்பத்தெட்டு வயசு ஆச்சு. ஒரு தடவ தப்பாப் போச்சுன்னா கைய எடுத்துப்போட்டு, செட்டுக்காரங்களக் கூப்புட்டுச் சொல்லிருங்க. நம்ம மானத்தக் காப்பாத்திக்க அடுத்ததத் தட்டிரலாம்னு தோணும். தட்டாதீங்க. பாக்கி இருக்கற தடவ நம்முளுது இல்லீங்க, அவங்களுது.